செவர்லே சி-10 பிக்கப்பின் 350 எஞ்சினைப் புதுப்பித்து வலுவாக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி-10 பிக்கப்பைப் பழைய வண்டிப் பிரியர்கள் இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள். வண்டியின் அழகு ஒரு காரணம். பானெட்டைத் திறந்தால் கையை விட்டு வேலை செய்யத் தாராளமாக இடம் இருப்பது இன்னொன்று. எல்லாவற்றையும் விட முக்கியமானது உள்ளே இருக்கும் 'ஸ்மால் பிளாக்' வி8. 1955இல் 265 கன அங்குலத்தில் தொடங்கிய அந்தக் குடும்பத்தில் 350 கன அங்குல எஞ்சின், அதாவது 5.7 லிட்டர், 1967இல் வந்து சேர்ந்தது. பாகங்கள் எளிதில் கிடைக்கும், அளவுகள் எல்லாருக்கும் தெரியும், சாதாரண கருவிகளை வைத்தே பிரித்துப் பூட்டலாம்.

இந்த வழிகாட்டி அந்த 350ஐ மனதில் வைத்து எழுதியது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பளபளக்கும் குரோம் மூடிகளுக்கும் பெரிய கார்புரேட்டருக்கும் போகிற பணத்தை அளவெடுக்கவும் லேத் பட்டறை வேலைக்கும் திருப்பிவிடுங்கள். சுமை இழுக்கிற வண்டிக்குக் கீழ் வேகத்தில்தான் இழுவை வேண்டும். 6,000 ஆர்.பி.எம்.மில் (நிமிஷத்துக்கு 6,000 சுற்றில்) கிடைக்கும் குதிரைத்திறன் பிக்கப்புக்கு அநேகமாகப் பயன்படுவதே இல்லை.

கழற்றுவதற்கு முன்

எஞ்சின் ஓடுகிற நிலையில் இருந்தால், ஸ்பேனரை எடுக்கும் முன் சோதனைகளை முடித்துவிடுங்கள். சூடான எஞ்சினில் எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, திராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள 350 ஏறக்குறைய 140 முதல் 160 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) காட்டும். ஆனால் எட்டும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே பெரிய விஷயம். மிகக் குறைந்த சிலிண்டர், மிக அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே போனால் கோளாறு இருக்கிறது. அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகப்படுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் ஒன்றாக விழுந்திருந்தால் கேஸ்கெட் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வேக்யூம் கேஜ் மலிவான கருவி, ஆனால் நிறையச் சொல்லும். ஐடிலில் முள் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவுக்குள் ஆடாமல் நின்றால் வால்வுகள் சரியாக மூடுகின்றன. சீராக விழுந்து விழுந்து எழுந்தால் ஒரு வால்வு கசிகிறது. ஆயில் அழுத்தத்துக்கு ஒரு பழைய கணக்கு: சூடான எஞ்சினில் ஒவ்வொரு 1,000 ஆர்.பி.எம்.முக்கும் 10 பி.எஸ்.ஐ. அதற்குக் கீழே என்றால் பேரிங்குகள் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சோதனையில் எல்லாம் நன்றாக வந்தால் எஞ்சினை இறக்கவே வேண்டாம். டைமிங் செயின், கார்புரேட்டர், இக்னிஷன் மூன்றையும் புதுப்பித்தாலே வண்டி ஆளே மாறிவிடும்.

கையில் இருப்பது 350தானா?

ஐம்பது வருஷத்தில் எஞ்சின் பலமுறை மாறியிருக்கலாம். 305 கன அங்குல எஞ்சின் வெளியிலிருந்து பார்க்க அப்படியே 350 மாதிரி இருக்கும். ஸ்ட்ரோக்கும், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும், ஒன்றுதான், 3.48 அங்குலம். வித்தியாசம் போரில், அதாவது சிலிண்டரின் விட்டத்தில்: 350க்கு 4.00 அங்குலம், 305க்கு 3.736. எனவே பிளாக்கின் பின்பக்கம், டிரைவர் பக்கத்தில் (அமெரிக்க வண்டி என்பதால் இடது), கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில் வார்க்கப்பட்டிருக்கும் எண்ணைத் துடைத்துப் படியுங்கள். 3970010 என்றிருந்தால் பெரும்பாலும் 350. 14010207ம் 350தான், 1980களின் முற்பகுதியைச் சேர்ந்தது. முன்பக்கம், வலது ஹெட்டுக்கு முன்னால் உள்ள சிறிய தட்டையான இடத்தில் குத்திய எழுத்துகளும் இருக்கும். அதையும் படம் எடுத்து வையுங்கள்.

1986க்கு முந்தைய பிளாக்குகளில் பின்புற மெயின் சீல் இரண்டு துண்டு. அதற்குப் பிறகு ஒரே துண்டு. கிராங்க், ஃபிளைவீல், ஆயில் பான் எல்லாமே இதைப் பொறுத்து மாறும். பாகம் வாங்கும்போது முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். கிராங்கைத் தாங்கிப் பிடிக்கும் மெயின் கேப்புக்கு நான்கு போல்ட்டா இரண்டு போல்ட்டா என்று பலர் கவலைப்படுவார்கள். ரோட்டில் ஓடும் பிக்கப்புக்கு இரண்டே போதும்.

இறக்குதல்

பேட்டரியைக் கழற்றுங்கள். இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ஃபியூவல் லைனை அவிழ்த்தால் பெட்ரோல் தானாகவே கீழே வழிந்து வரக்கூடும். டேங்கைக் காலி செய்துவிட்டு லைனை அடைத்து வையுங்கள். கூலண்டையும் ஆயிலையும் வடித்துவிட்டு பானெட், ரேடியேட்டர், ஃபேன் எல்லாவற்றையும் எடுங்கள். ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்டி, அவிழ்க்கும் முன் படம் எடுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால், டார்க் கன்வெர்ட்டரை ஃபிளெக்ஸ் பிளேட்டிலிருந்து முதலில் கழற்றி, பின்னால் கியர்பாக்ஸ் பக்கம் தள்ளி வையுங்கள். கன்வெர்ட்டர் எஞ்சினோடு சேர்ந்து வந்தால் கியர்பாக்ஸ் பம்ப்பைப் பதம் பார்த்துவிடும். முழு எஞ்சின் ஏறக்குறைய 260 கிலோ. ஒரு டன் தூக்கும் ஹாய்ஸ்ட், நான்கு சக்கர எஞ்சின் ஸ்டாண்டு, தரமான போல்ட்டுகள் வேண்டும். தூக்கிய எஞ்சினுக்கு அடியில் கையையோ காலையோ கொண்டு போகாதீர்கள்.

பிரித்துப் பார்த்தல்

இங்கே அவசரம் கூடாது. கனெக்டிங் ராடு கேப்புகளுக்கும் மெயின் கேப்புகளுக்கும் எண் குத்தாமல் ஒரு போல்ட்டையும் அவிழ்க்க வேண்டாம். ஒரு கேப் அதே ராடுக்கு, அதே திசையில்தான் திரும்பிப் போக வேண்டும். முன்பக்கமிருந்து எண்ணினால் டிரைவர் பக்கம் 1, 3, 5, 7. எதிர்ப்பக்கம் 2, 4, 6, 8.

சிலிண்டரின் மேல் விளிம்பில் நகத்தால் தடவிப் பாருங்கள். ரிங் எட்டாத இடத்தில் ஒரு மேடு தட்டும். அதை ரிட்ஜ் ரீமரால் எடுத்துவிட்டுப் பிஸ்டனைத் தள்ளுங்கள். இல்லையென்றால் பிஸ்டனின் ரிங் பள்ளம் உடையும். ராடு போல்ட்டுகளின் மேல் பழைய ரப்பர் ஹோஸ் துண்டைச் சொருகிவிட்டால் கிராங்கில் கீறல் விழாது.

டைமிங் கவரைத் திறந்ததும், வால்வுகளை இயக்கும் கேமின் கியரைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் சத்தம் குறைய வேண்டும் என்று பல எஞ்சின்களில் நைலான் பல் வைத்த கியரைப் போட்டார்கள். வயதானால் பல் உதிர்ந்து ஆயில் பானில் விழுந்து, பம்ப்பின் உறிஞ்சும் வலையை அடைக்கும். பானில் பிளாஸ்டிக் துணுக்கு கிடந்தால் அதுதான். முழு உலோக டபுள் ரோலர் செயின் செட் போட்டுவிடுங்கள்.

கேமின் மேல் உட்கார்ந்து வால்வைத் தூக்கும் லிஃப்டர்களின் அடிப்பக்கம் மிக மெல்லிய குவிவாக இருக்க வேண்டும். குழிந்திருந்தால் லிஃப்டரும் கேமும் முடிந்துபோனவை. பழைய லிஃப்டரைப் புதுக் கேமில் போடவே கூடாது.

லேத் பட்டறையில்

பிளாக்கைக் கொதிதொட்டியில் சுத்தம் செய்து, விரிசல் சோதனை செய்யச் சொல்லுங்கள். விரிசல் உள்ள பிளாக்குக்கு மேற்கொண்டு ஒரு காசும் செலவிடாதீர்கள். அப்புறம் அளவெடுப்பு. பட்டறைப் பேச்சில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை 'தௌ' என்பார்கள். சிலிண்டரின் மேலும் கீழும் 5 தௌவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, வட்டம் 2 தௌவுக்கு மேல் நெளிந்திருந்தாலோ போர் அடிக்க வேண்டும். வழக்கமாக 30 தௌ பெரிதாக்குவார்கள். கொள்ளளவு 355 கன அங்குலம் ஆகும். 60 தௌ வரை போகலாம், ஆனால் சுவர் மெலியும், சூடு கூடும். 30க்கே சுத்தமாகிவிட்டால் அதோடு நில்லுங்கள். அடுத்த தலைமுறைக்கும் கொஞ்சம் இரும்பு மிச்சமிருக்கட்டும்.

போர் அடிக்கும் முன் பிஸ்டனை வாங்கி அவர்கள் கையில் கொடுங்கள். பிஸ்டனுக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை அதைச் செய்த நிறுவனம் சொல்லும். அந்த அளவுக்குத்தான் ஹோன் செய்ய, அதாவது சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து முடிக்க, வேண்டும். ஹெட் பூட்டியது போன்ற இறுக்கத்தைத் தரும் டார்க் பிளேட் போட்டு ஹோன் செய்கிற பட்டறை கிடைத்தால் விடாதீர்கள்.

கிராங்கில் பேரிங் உட்காரும் இடமான ஜர்னலில் நகம் சிக்குகிற கீறல் இருந்தால் 10 தௌ அரைத்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடலாம். கேம் பேரிங்குகளை அவர்களே ஏற்றட்டும். அதற்குத் தனிக் கருவி வேண்டும். ஹெட்டுகளில் வால்வு கைடும் சீட்டும் பார்க்க வேண்டும். 1970க்கு முந்தைய ஹெட் என்றால், ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. அடிக்கடி பாரம் இழுப்பீர்கள் என்றால் எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட்டுகள் பதிப்பது நல்லது.

வாங்கிவந்த பிளாக்கை அப்படியே பூட்டாதீர்கள். சோப்புத் தண்ணீரும் நீளமான பிரஷ்ஷும் கொண்டு ஒவ்வொரு ஆயில் துளையையும் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியில் ஆயில் நனைத்துச் சிலிண்டரைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் ஹோன் தூள் இன்னும் இருக்கிறது. கழுவியதும் உடனே ஆயில் பூசுங்கள், இரும்பு கண்முன்னாலேயே துருப்பிடிக்கும்.

எதை மேம்படுத்தலாம்?

பணத்துக்கேற்ற பலன் ஹெட்டில்தான். 1996 முதல் 2000 வரையிலான ஜி.எம். (செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ்) டிரக்குகளில் வந்த இரும்பு 'வோர்டெக்' ஹெட்டுகள், 906 அல்லது 062 என்று முடியும் எண் கொண்டவை, பழைய டிரக் ஹெட்டுகளை விட வெகு நன்றாக மூச்சு விடும். அவற்றின் சேம்பர், அதாவது எரி அறை, 64 சி.சி. உங்கள் பழைய ஹெட் 76 சி.சி. என்றால் கம்ப்ரெஷன் விகிதம் ஏறக்குறைய ஒரு புள்ளி ஏறும். 9 முதல் 9.5 வரை இருந்தால் சாதாரண பெட்ரோலிலேயே ஓட்டலாம். ஆனால் மூன்று நிபந்தனை. இன்டேக் மேனிஃபோல்டு அதற்கென்றே செய்த எட்டு போல்ட் வகையாக இருக்க வேண்டும். வால்வு கவர் நடுவில் போல்ட் வைத்த வகை. மாற்றம் செய்யாத ஹெட்டில் வால்வு தூக்கு சுமார் 0.460 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிட்டெய்னர் போய் கைடு சீலில் இடிக்கும். வாங்கும் முன் வால்வு சீட்டுகளுக்கு இடையே விரிசல் பார்க்கவும்.

கேம் தேர்வில்தான் ஆசை கண்ணை மறைக்கும். 50 தௌ தூக்கில் 200 முதல் 215 டிகிரி வரையிலான டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் கிராங்க் சுழற்சி) பிக்கப்புக்கு ஏற்றது. ஐடில் அமைதியாக இருக்கும், பிரேக் பூஸ்டருக்கு வேக்யூம் கிடைக்கும், 2,000 ஆர்.பி.எம்.மிலேயே இழுக்கும். கடகடவென்று ஆடும் ஐடில் சத்தம் கேட்க நன்றாகத்தான் இருக்கும்; பாரத்தோடு மேட்டில் ஏறும்போது அந்தச் சத்தம் உதவாது.

கார்புரேட்டருக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 355 கன அங்குலத்தை 5,000 ஆர்.பி.எம்.மால் பெருக்கி 3,456ஆல் வகுத்தால் நிமிஷத்துக்குச் சுமார் 514 கன அடி. எஞ்சின் உண்மையில் 85 சதவீதம்தான் நிரம்பும் என்று வைத்தால் 437. ஆக, 600 கன அடி கார்புரேட்டரே தாராளம். 750 வாங்கினால் கீழ் வேகத்தில் திணறும். டூயல் பிளேன் மேனிஃபோல்டு போடுங்கள். பழைய ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் நல்ல நிலையில் கையில் இருந்தால் அதைப் புதுப்பிப்பதே புத்திசாலித்தனம். அதன் சிறிய முன்வாய்கள் சாதாரண ஓட்டத்துக்கு அருமையானவை.

பாயின்ட், கண்டென்சர் போய், ஜி.எம்.மின் எச்.இ.ஐ. என்ற மின்னணு டிஸ்ட்ரிபியூட்டர் வரட்டும். இங்கே பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: பழைய பாயின்ட் சிஸ்டத்துக்குப் போகும் வயர் வேண்டுமென்றே மின்தடை கொண்டது. எச்.இ.ஐ.க்கு முழு 12 வோல்ட் வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போதும் ஓடும்போதும் மின்சாரம் வருகிற முனையிலிருந்து தடிமனான புது வயர் இழுங்கள். பிளக் இடைவெளியை 35 தௌவிலிருந்து 45க்கு மாற்றலாம்.

பூட்டுதல்

முதலில் ஆயில் கேலரி பிளக்குகள், அதாவது பிளாக்கின் ஆயில் பாதைகளை அடைக்கும் மூடிகள். பின்புற மெயின் கேப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் சிறிய பிளக் ஒன்று உண்டு. அதை மறந்தால் ஆயில் ஃபில்டருக்குள் போகாமல் குறுக்கு வழியில் ஓடும். பிளாக்கைக் கழுவித் தந்தவர்கள் அதைத் திரும்பப் போட்டார்களா என்று கண்ணால் பாருங்கள்.

பேரிங்கைப் போட்டு, கிராங்கை இறக்கி, ஒவ்வொரு ஜர்னலிலும் பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை) துண்டு வைத்து கேப்பை முறுக்கிக் கழற்றிப் பாருங்கள். மெயினுக்கும் ராடுக்கும் சுமார் 2 முதல் 2.5 தௌ இடைவெளி இருக்கலாம். சரியாக வந்தால் துடைத்து, அசெம்பிளி லூப் பூசிக் கடைசியாக இறுக்குங்கள்: இரண்டு போல்ட் மெயின் கேப் 70 அடி-பவுண்டு, அதாவது 95 நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு கேப் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுழற்றுங்கள். எந்தக் கேப்பில் இறுகுகிறதோ அங்கேதான் பிரச்சினை. முன்பின் ஆட்டம் 2 முதல் 6 தௌ. இரண்டு துண்டு சீலின் முனைகளை கேப்பின் விளிம்போடு நேராக வைக்காமல் சற்றுத் தள்ளித் திருப்பி வைத்தால் கசிவு குறையும்.

ரிங்கை ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் நேராக வைத்து, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 4 தௌ, அதாவது 350க்கு மேல் ரிங்கில் குறைந்தது 16 தௌ. குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும். புள்ளி வைத்த பக்கம் மேலே. பிஸ்டனில் உள்ள வெட்டு எஞ்சினின் முன்பக்கம் பார்க்க வேண்டும். ராடு நட்டுகள் 45 அடி-பவுண்டு, நூலில் ஆயில் பூசியபின்.

ஆயில் பம்ப்பின் உறிஞ்சு குழாய் பானின் தரைக்கு மேல் 3/8 அங்குலம் உயரத்தில் நிற்க வேண்டும். குழாயைப் பம்ப்போடு ஒரு புள்ளி வெல்ட் வைத்துவிடுங்கள். வெல்ட் செய்யும் முன் பம்ப்பின் ஸ்பிரிங்கைக் கழற்றி வையுங்கள்.

கேமின் ஒவ்வொரு மேட்டிலும் (லோப்) லிஃப்டர் அடியிலும் கேம் பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவுங்கள். டைமிங் புள்ளிகளை எதிரெதிராக நிறுத்திச் செயினைப் போடுங்கள். ஹெட் போல்ட் துளைகள் தண்ணீர்ப் பாதைக்குள் திறக்கின்றன. எனவே ஒவ்வொரு போல்ட் நூலிலும் சீலண்ட் பூச வேண்டும், இல்லையென்றால் கூலண்ட் நூல் வழியாகவே ஏறி வரும். நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று சுற்றில், 65 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள்.

ஹைட்ராலிக் லிஃப்டர் வால்வு அட்ஜஸ்ட்மென்ட் குழப்பமாகத் தோன்றும், உண்மையில் எளிது. 1ஆம் சிலிண்டரைக் கம்ப்ரெஷன் உச்சியில் நிறுத்துங்கள். அப்போது எக்ஸாஸ்ட் 1, 3, 4, 8 ஆகியவற்றையும் இன்டேக் 1, 2, 5, 7 ஆகியவற்றையும் சரிசெய்யலாம். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் எக்ஸாஸ்ட் 2, 5, 6, 7, இன்டேக் 3, 4, 6, 8. நட்டை இறுக்கிக்கொண்டே புஷ் ராடை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் நிற்கும் இடம்தான் பூஜ்யம். அதற்கு மேல் அரை முதல் முக்கால் சுற்று.

இன்டேக் மேனிஃபோல்டின் முன்னும் பின்னும் கார்க் துண்டு கொடுத்திருப்பார்கள். அவை நழுவும். அதற்குப் பதில் ஆர்.டி.வி. சிலிகான் பசையைக் கால் அங்குலத் தடிமனில் ஒரு கோடாக இழுத்துவிடுங்கள்.

வண்டியில் ஏற்றும்போது கவனிக்க வேண்டியது இரண்டே. டார்க் கன்வெர்ட்டர் பம்ப்புக்குள் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும். எஞ்சினைக் கியர்பாக்ஸோடு பூட்டிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். ஃபியூவல் பம்ப்பின் புஷ் ராடு கீழே நழுவிக்கொண்டே இருக்கும். கெட்டியான கிரீஸ் பூசினால் நீங்கள் பம்ப்பைப் பூட்டும் வரை நிற்கும்.

முதல் ஸ்டார்ட்

ஆயில் பம்ப்பை முதலில் தயார்படுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக ஸ்மால் பிளாக்குக்கான பிரைமிங் கருவியை விட்டு, டிரில்லால் கடிகாரச் சுற்றில் சுழற்றுங்கள். சாதாரணக் கம்பி போதாது. டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் அடைக்கும் ஆயில் பாதையைக் கருவியும் அடைக்க வேண்டும். அழுத்தம் ஏறியதும் டிரில் திணறும். எட்டுச் சிலிண்டரின் ராக்கரிலும் ஆயில் வரும்வரை, கிராங்கை இடையிடையே கால் சுற்று திருப்பியபடி தொடருங்கள்.

1ஆம் சிலிண்டர் கம்ப்ரெஷன் உச்சியில் இருக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டரைப் போடுங்கள். பிளக் துளையில் விரல் வைத்தால் காற்று தள்ளும். கிராங்கின் முன்னால் உள்ள பேலன்ஸரின் குறியை மட்டும் நம்பினால் 180 டிகிரி தவறிப்போகலாம். தீப்பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2, ரோட்டர் சுற்றுவது கடிகாரத் திசை.

ஃபிளாட் டேப்பட் (உருளை இல்லாத லிஃப்டர்) கேமுக்கு முதல் அரைமணி நேரம்தான் தலையெழுத்து. துத்தநாகம் அதிகமுள்ள பிரேக்-இன் ஆயில் ஊற்றுங்கள். எஞ்சின் பிடித்த உடனே 2,000 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றி, 2,000க்கும் 2,500க்கும் நடுவே மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிஷம் ஓட்டுங்கள். ஐடிலில் விட்டால் கேமுக்குப் போதிய ஆயில் தெறிக்காது. எனவே நீண்ட நேரம் ஸ்டார்ட்டரைச் சுற்றும் நிலை வராதபடி கார்புரேட்டரில் பெட்ரோலை முன்பே நிரப்பி வையுங்கள். தண்ணீர் கசிந்தால், ஆயில் அழுத்தம் விழுந்தால் தயங்காமல் அணையுங்கள். சரிசெய்துவிட்டு மறுபடி நேராக 2,000இலிருந்து தொடரலாம். முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளைப் பாருங்கள்: அசெம்பிளி பேஸ்ட்டின் கருமை சகஜம், மினுக்கும் உலோகத் தகடு துணுக்கு சகஜமில்லை.

ட்யூனிங்

வேக்யூம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் லைட் பிடியுங்கள். ஐடிலில் தீப்பொறி பிஸ்டன் உச்சிக்கு முன் 8 முதல் 12 டிகிரியில் வர வேண்டும். ஆனால் நம்ப வேண்டிய எண், வேகம் ஏறியபின் தீப்பொறி எவ்வளவு முந்துகிறது என்கிற மொத்த அட்வான்ஸ்தான்: 3,000 ஆர்.பி.எம்.முக்குள் பழைய ஹெட்டுக்கு 34 முதல் 36, வோர்டெக்குக்கு 32 முதல் 34. மேட்டில் கிளிங் கிளிங் என்று தட்டினால் இரண்டு டிகிரி குறையுங்கள்.

கார்புரேட்டரின் ஐடில் மிக்ஸ்சர் (கலவை) திருகுகளை வேக்யூம் கேஜைப் பார்த்துத் திருப்புங்கள். முள் எங்கே உச்சம் தொடுகிறதோ அங்கே நிறுத்தினால் போதும். சூடு ஏறுகிறதென்றால் ரேடியேட்டரைப் பழிக்கும் முன் ஃபேன் ஷ்ரவுடு (ஃபேனைச் சுற்றிய உறை) இருக்கிறதா, ஃபேனின் பாதி அதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள். 82 அல்லது 90 டிகிரி தெர்மோஸ்டாட் கட்டாயம் இருக்கட்டும். அதைக் கழற்றிவிட்டு ஓட்டினால் எஞ்சின் குளிர்ந்தே ஓடி ரிங் தேயும்.

ரிங் உட்கார வண்டியைப் பூப்போல ஓட்டக் கூடாது. 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80 வரை நடுத்தர அழுத்தத்தில் ஏற்றி, ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்க விடுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை இதைச் செய்தாலே பெரும்பகுதி வேலை முடியும். ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் நீட்டிப் போவதும், பாரம் இழுப்பதும் முதல் 800 கிலோமீட்டருக்கு வேண்டாம். அந்த அளவு ஓடியதும் ஆயிலை மறுபடி மாற்றி, இன்டேக், எக்ஸாஸ்ட் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டு, கம்ப்ரெஷன் எண்களை எடுத்து எழுதி வையுங்கள். அடுத்த முறை கோளாறு தேடும்போது ஒப்பிட அவைதான் கையில் இருக்கும்.